ஒலி சொல்லும் பழுது

இசைக்கவைக் கடிகாரம் ஒன்று பழுதாகி மேஜைக்கு வந்தால், மூடியைக் கழற்றுவதற்கு முன் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பதுதான் நான் செய்யும் முதல் சோதனை. சாவி கொடுக்கிற கடிகாரத்தின் டிக் டிக் இதில் கிடையாது. பேலன்ஸ் வீலும் ஹேர் ஸ்பிரிங்கும் கிடையாது. பிளஸ் டூ இயற்பியல் கூடத்தில் ரப்பர் கட்டையில் தட்டி, ஒத்ததிர்வுத் தம்பத்தின் வாயருகே பிடித்தோமே, அதே இசைக்கவைதான் மணிக்கட்டுக்கு ஏற்ற அளவில் உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறது. புலோவா நிறுவனத்தின் அக்யூட்ரான் 214 என்றால் அந்தக் கவை நொடிக்கு 360 முறை அதிரும். காதில் அது இடைவிடாத ரீங்காரமாக விழும். இரவில் மரமேஜைமேல் வைத்தால் பலகை அந்த ஒலியை வாங்கிப் பெருக்கிக் கொடுக்கும்.

இந்த ரீங்காரத்தை வைத்தே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒலி சீராக இருந்து முள் மட்டும் நகரவில்லை என்றால் செல், காயில், டிரான்சிஸ்டர் எல்லாம் நலம்; தேட வேண்டிய இடம் சக்கரங்கள். ஒலியே இல்லை என்றால் மின்னோட்டம் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது கவையை ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஒலி வருகிறது, ஆனால் கம்மி உரசலாகக் கேட்கிறது என்றால் காந்தக் கிண்ணத்துக்குள் இரும்புத் துகள் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒலி சுத்தமாக இருந்தும் கடிகாரம் மணிக்கணக்கில் முன்னே ஓடுகிறது என்றால் ஒரு பல் நகர வேண்டிய சக்கரம் ஒன்றுக்கு மேல் நகர்கிறது. நான் பார்த்த கருவிகளில், தன் நோயை இவ்வளவு தெளிவாகத் தானே சொல்வது வேறு எதுவும் இல்லை.

எனக்கு வீடு மண்ணூரில். வேலை இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இன்ஸ்ட்ருமெண்டேஷன் பராமரிப்பில். பகலில் நான் பார்க்கும் கருவிகளில் இரண்டு, இந்தக் கடிகாரத்துக்கு நெருங்கிய உறவு. ஒன்று, தொட்டிகளில் திரவ மட்டம் அறியும் ஃபோர்க் வகை லெவல் ஸ்விட்ச். அதன் முனையில் இரு கரங்களுள்ள ஒரு கவை அதிர்ந்துகொண்டே இருக்கும். திரவம் ஏறி அதை மூடியதும் அதிர்வெண் இறங்கும். அந்த இறக்கத்தை வைத்துத் தொட்டி நிரம்பியது தெரியும். இன்னொன்று கோரியோலிஸ் ஃப்ளோமீட்டர். இரண்டு வளைந்த குழாய்கள் எதிரெதிராக அதிரும்; அவற்றை அதிர வைக்க ஒரு காயில், அதிர்வை உணரத் தனிக் காயில்கள், காயில்களுக்கு எதிரே காந்தங்கள். அக்யூட்ரானின் உள்ளமைப்பை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அதில் அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. தள்ளும் காயில், உணரும் காயில், காந்தம், எதிரெதிராக அதிரும் இரு கரங்கள். தினமும் கையாளும் பெரிய கருவியின் கொள்கை மணிக்கட்டு அளவில் அங்கே இருந்தது. வாட்ச் ரிப்பேர் பரம்பரையில் வராத என்னால் இந்தக் கடிகாரத்துக்குள் நுழைய முடிந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

அது எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பழுது பார்ப்பது தானாக வரும். கவையின் இரு கரங்களின் நுனியிலும் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் நடுவே கூம்பு வடிவக் காந்தம். அசையாமல் நிற்கும் காயில் அந்தக் கிண்ணத்துக்குள் காந்தத்தைத் தொடாமல் நுழைந்திருக்கும். கவை அசையும்போது காந்தமும் அசைய, உணரும் சுற்றில் சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது. அது டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. திறந்த கணத்தில் செல்லிலிருந்து ஒரு துளி மின்னோட்டம் தள்ளும் சுற்றுக்குப் போய்க் காந்தத்தை இழுக்கிறது. ஊஞ்சல் ஆடுபவரைப் பின்னால் நின்று தள்ளுபவர், ஊஞ்சல் திரும்பும் கணம் பார்த்து லேசாகக் கை வைப்பதுபோலத்தான். ஊஞ்சலின் வேகத்தை முடிவுசெய்வது கயிற்றின் நீளம், தள்ளுபவர் அல்ல. இங்கேயும் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதைக் கவையின் உலோகமும் வடிவமும் முடிவுசெய்கின்றன. மின்சுற்று, இழந்த ஆற்றலை ஈடுகட்டுவதோடு சரி. வெயிலுக்கும் குளிருக்கும் மீள்தன்மை மாறாத நிக்கல் கலவையில் கவையைச் செய்ததற்குக் காரணமும் இதுதான். சித்திரை வெயிலில் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் கைக்கடிகாரம் எவ்வளவு சூடேறும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை அதிர்வுதான் இருக்கிறது. நேரம் இன்னும் பிறக்கவில்லை. அதிர்வை நேரமாக்கும் இடம்தான் இந்தக் கடிகாரத்தின் உயிர்நிலை. கவையின் ஒரு கரத்திலிருந்து மிக மெல்லிய உலோக விரல் ஒன்று நீண்டிருக்கும். அதன் நுனியில் ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு மாணிக்கக் கல். அந்தக் கல் ஒரு சக்கரத்தின் பற்களைத் தள்ளும். சக்கரத்தின் குறுக்களவு சுமார் 2.4 மில்லிமீட்டர். அதன் விளிம்பில் 300 பற்கள். கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டருக்குள் 40 பற்கள் வரும். வெறும் கண்ணுக்கு அது பல் இல்லாத வழவழப்பான தட்டு. நிலையான பாலத்திலிருந்து நீளும் இன்னொரு விரல், அதே மாதிரி மாணிக்கக் கல்லோடு, சக்கரம் பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ளும். கவை ஒருமுறை அதிர்ந்தால் சக்கரம் ஒரு பல் முன்னேற வேண்டும். நொடிக்கு 360 பல், நிமிடத்துக்கு 72 சுற்று, ஒரு நாளைக்கு 3 கோடியே 11 லட்சத்து 4 ஆயிரம் பல். இதில் ஒன்றுகூடத் தவறாமல் எண்ணினால்தான் நேரம் சரியாக இருக்கும். நொடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தெரிவதும் இதனால்தான். நொடிக்கு 360 அடியாக அது நடப்பதைக் கண்ணால் பிரிக்க முடியாது.

இந்த இசைக்கவைக் கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர் மாக்ஸ் ஹெட்செல், ஸ்விட்சர்லாந்தின் மின்பொறியாளர். புலோவாவின் பீல் நகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1952-ல் எல்ஜின், லிப் ஆகிய நிறுவனங்கள் மின்கடிகாரம் வருகிறது என்று அறிவித்தன. அதைப் பற்றிப் புலோவா நிர்வாகம் அவரிடம் கருத்துக் கேட்டது. மின்சாரத்தால் பேலன்ஸ் வீலை ஆட்டுவதால் துல்லியம் கூடிவிடாது, சாவியின் வேலையைச் செல் செய்யும், அவ்வளவுதான் என்பது அவருடைய பதில். குறையைச் சொன்னதோடு நிற்காமல், காலத்தை அளக்கும் உறுப்பையே மாற்றி இசைக்கவையை வைக்கலாம் என்றும் எழுதினார். டிரான்சிஸ்டர் பிறந்து அப்போது ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. கடைக்கு வந்த ஆரம்பகால டிரான்சிஸ்டர்களில் ஒன்றான ரேதியான் சிகே722-ஐ வாங்கி முதல் மாதிரிகளைச் செய்தார். நியூயார்க்கில் வில்லியம் பென்னட் அதைப் பெருமளவில் தயாரிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1960 அக்டோபர் 25 அன்று அக்யூட்ரான் உலகுக்கு அறிமுகமானது. மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குமேல் தவறாது என்று எழுத்துமூலம் உறுதி கொடுத்து விற்றார்கள். நல்ல சாவிக் கடிகாரமே நாளுக்குப் பல நொடி முன்பின் போன காலம் அது.

டயலே இல்லாமல் காயில்களும் கவையும் வெளியே தெரியும் ஸ்பேஸ்வியூ, முதலில் கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதையே எனக்குக் கொடு என்று மக்கள் கேட்டதால் விற்பனைக்கு வந்தது. எல்லா மாடல்களும் சேர்த்து அக்யூட்ரான் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. விண்கலங்களின் நேரக் கருவிகளுக்கும் இதே நுட்பம் போனது. என்னிடம் வருபவை பெரும்பாலும் அந்தக் காலத்தில் வெளிநாட்டில் படித்தவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள் வாங்கிவந்தவை. இப்போது அவர்களுடைய பிள்ளைகள் பீரோவிலிருந்து எடுத்துவருகிறார்கள். “இது ஓடாதுன்னு சொல்லிட்டாங்க சார், நீங்க ஒருதடவை பாருங்க” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. ஷிப்ட் முடிந்து வந்த சட்டையோடு நான் இந்த மேஜையில் உட்கார்வதில்லை. குளித்து, உடை மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். இந்த வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் கிரைண்டிங், வெல்டிங், பிரஸ் ஷாப். சட்டை மடிப்பிலும் நகக்கண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத இரும்புப்பொடி ஒட்டிக்கொண்டு வரும். சாவிக் கடிகாரத்துக்கு அது வெறும் தூசி. இதற்கு அதுதான் முதல் எதிரி. கிண்ணத்துக்குள் உள்ள காந்தம் அந்தப் பொடியைத் தேடி இழுத்துவைத்துக்கொள்ளும். காந்தத்துக்கும் காயிலுக்கும் இடையே இருப்பது நூலிடைவெளி. ஒரு துகள் போதும், கவையின் வீச்சு குறுகிவிடும். மேஜையில் பித்தளைச் சாமணமும் காந்தம் இழுக்காத ஸ்க்ரூ டிரைவர்களும்தான் இருக்கின்றன. சாதாரண எஃகு டிரைவரைக் காந்தத்தருகே கொண்டுபோனால் அது கையை மீறி இழுபடும். இழுபட்டு விழும் இடம் காயிலாக இருந்தால் கதை முடிந்தது.

காயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் சுற்றியுள்ள செப்புக் கம்பியின் தடிமன் சுமார் 0.015 மில்லிமீட்டர். ஒவ்வொரு காயிலிலும் 8,000 சுற்று. டிரைவர் நுனி ஒருமுறை உரசினால் அறுந்துபோகும். அறுந்த முனை வெளியே தெரிந்தால் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இணைக்க முயற்சி செய்யலாம், உள்ளே அறுந்தால் வேறு காயில்தான் தேட வேண்டும். அதனால் முதல் மின்சோதனையை வெளியிலிருந்தே செய்கிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய பொட்டென்ஷியோமீட்டர், மைக்ரோ அம்மீட்டர், ஒரு செல் ஹோல்டர் ஆகியவற்றை ஒரு பெட்டியில் பொருத்திவைத்திருக்கிறேன். கடிகாரத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே அது எடுக்கும் மின்னோட்டத்தைப் பார்க்கலாம். நலமாக உள்ள 214 ஐந்தாறு மைக்ரோ ஆம்பியரோடு திருப்தியடையும். அதைவிட நிறைய எடுக்கிறது என்றால் கவை எங்கோ உரசுகிறது, அல்லது டிரான்சிஸ்டர் கசிகிறது. எதுவுமே எடுக்கவில்லை என்றால் சுற்று அறுந்திருக்கிறது. அம்மீட்டர் முள்ளும் காதில் விழும் ஒலியும் ஒன்றையே சொல்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்கிறேன்.

பிரித்துச் சுத்தம் செய்யும்போது காந்தக் கிண்ணங்களை ஒட்டும் களிம்பால் திரும்பத் திரும்ப ஒற்றியெடுக்க வேண்டும். ஒவ்வொரு ஒற்றலையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, துகள் ஒட்டாமல் வரும்வரை விடக் கூடாது. என்னிடம் உள்ள ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் ஒரு காலத்தில் பிசிபி சோதித்தது. ஆலை பழைய கருவிகளைக் கழித்தபோது ஸ்ரீபெரும்புதூர் பழைய சாமான் கடைக்கு வந்து, அங்கிருந்து எனக்குக் கிடைத்தது. 300 பல் சக்கரத்தை எடுக்கும்போது அச்சைத்தான் பிடிக்க வேண்டும், விளிம்பைத் தொடவே கூடாது. சாமணம் லேசாகப் பட்டாலும் நாலைந்து பல் மழுங்கிவிடும். மழுங்கிய சக்கரத்தை யாராலும் திரும்பத் தீட்ட முடியாது. மற்ற சக்கரங்களின் அச்சுக்குழிகளில் அரை நூற்றாண்டு எண்ணெய் பசையாகியிருக்கும். ரீங்காரம் சீராகவும் முள் அசையாமலும் வரும் கடிகாரங்களில் பலவற்றுக்கு இந்தப் பசைதான் காரணம். கவையின் விரல் தள்ளும் பலம் மிகச் சிறியது. பசை அதைத் தின்றுவிடுகிறது. சுத்தம் செய்து, அச்சுமுனைகளுக்கு ஊசிமுனையளவு புது எண்ணெய் வைத்தாலே பல கடிகாரங்கள் உயிர்பெற்றுவிடுகின்றன.

இனிமேல்தான் உண்மையான வேலை. தள்ளும் விரலையும் தடுக்கும் விரலையும் ஒன்றுக்கொன்று பொருத்தமான இடத்தில் நிறுத்துவதை ஃபேசிங் என்கிறோம். ஹெட்செலின் வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. கவையின் வீச்சு எப்போதும் ஒரே அளவில் இருக்காது; கை அதிரும், செல் தளரும். வீச்சு மாறும்போதெல்லாம் சக்கரம் கூடவோ குறையவோ நகர்ந்தால் கடிகாரமே இல்லை. அதற்காக அவர் தடுப்புக் கல்லைத் தள்ளும் கல்லிலிருந்து பற்கணக்கில் சரியாக ஓர் அரைப் பல் தள்ளி நிறுத்தினார். அப்படி நிறுத்திவிட்டால், வீச்சு ஒரு பல்லைவிடக் கூடுதலாகவும் மூன்று பல்லைவிடக் குறைவாகவும் உள்ளவரை சக்கரம் ஒரே ஒரு பல்தான் நகரும். வீச்சு இரண்டு பல்லளவுக்கு இருக்கும்படி வைத்துவிட்டால் மேலும் கீழும் ஒரு பல்லுக்குத் தாராளம் கிடைக்கிறது. தவறுக்கு இடம் கொடுத்தும் தவறாமல் எண்ணுகிற இந்த ஏற்பாட்டில் கணிப்பொறி எதுவும் இல்லை. இரண்டு கற்களின் இடைவெளி மட்டுமே இருக்கிறது.

அதைப் பொருத்தும் வேலையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இப்படியிருக்கும். சோதனைப் பெட்டியில் மின்னழுத்தத்தை நன்றாகக் குறைத்துக் கவையின் வீச்சைச் சுருக்குகிறேன். மங்கலான சாம்பல் பட்டையாகத் தெரிந்த சக்கர விளிம்பு மெல்ல மெல்லத் தடுமாறி நிற்கும். தள்ளும் விரலை முழுவதும் விலக்கி, பிறகு கல் பல்லைத் தொடும்வரை கொண்டுவந்து, தொட்ட பிறகு மிகக் கொஞ்சமாக அழுத்தம் கொடுக்கிறேன். அழுத்தம் குறைந்தால் கல் பல்லைத் தாண்டிக் குதிக்கும். கூடினால் உராய்வு ஏறிச் சக்கரம் தேயும். மெல்லிய விரல் லேசாக வளைவதைப் பார்த்துத்தான் போதும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து தடுப்பு விரலைத் தாங்கும் பகுதியை இம்மியளவு திருப்புகிறேன். திருப்பும்போது சக்கரம் எந்த இடத்தில் ஓட ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். இங்கே கையைவிட மூச்சுக்குத்தான் வேலை அதிகம். மூச்சை இழுத்துவிட்டு, விட்டு முடிந்த இடைவெளியில் திருப்பினால் கை நடுங்காது.

சரியாக அமைந்துவிட்டதா என்பதைச் சோதிக்கவும் வழி உண்டு. மின்னழுத்தத்தைக் கடிகாரம் ஓடக்கூடிய மிகக் குறைந்த அளவிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போகிறேன். நொடி முள்ளை ஒரு துல்லியமான கடிகாரத்தோடு ஒப்பிடுகிறேன். ஃபேசிங் சரியாக இருந்தால் கீழே நெடுந்தூரமும் மேலே நெடுந்தூரமும் முள்ளின் வேகம் மாறாது. சரியில்லை என்றால் ஏதோ ஒரு மின்னழுத்தத்தில் முள் திடீரென்று வேகமெடுக்கும் அல்லது தடுமாறும். அந்த எல்லைகள் எவ்வளவு அகலமோ அவ்வளவு நாள் அந்தக் கடிகாரம் திரும்பி வராது. வேலை முடிந்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் உரிமையை எனக்குக் கொடுப்பது இந்தச் சோதனைதான்.

இன்றைய செல்லால் வரும் சிக்கலும் இங்கேதான் தீர்கிறது. அக்யூட்ரான் வடிவமைக்கப்பட்டது 1.35 வோல்ட் பாதரசச் செல்லுக்கு. பாதரசம் நஞ்சு, உலகம் அதைக் கைவிட்டது சரியான முடிவு. இப்போது கிடைக்கும் சில்வர் ஆக்சைடு செல் 1.55 வோல்ட் கொடுக்கிறது. கவை அசையும்போது காயிலில் பிறக்கும் எதிர்மின்னழுத்தம் செல்லின் மின்னழுத்தத்தை நெருங்கும்வரை வீச்சு வளரும். ஆகவே செல்லின் வோல்ட் ஏறினால் வீச்சும் ஏறத்தாழ அதே விகிதத்தில், 15 சதவீதம் போல ஏறுகிறது. ஃபேசிங் சரியாக உள்ள கடிகாரம் இந்தக் கூடுதலைத் தாங்கிக்கொள்ளும். எல்லையில் நிற்கும் கடிகாரம் ஒரு பல்லுக்குப் பதில் கூடுதல் பல் தள்ளி முன்னே ஓடும். கடையில் செல் மாற்றியதும் கடிகாரம் பைத்தியமாக ஓடுகிறது என்று பலர் கொண்டுவருவது இதனால்தான். செல்லின் அளவைச் சரிசெய்யும் வளையத்தில் ஒரு சிறு டயோடை வைத்து வோல்ட்டைக் குறைக்கிறவர்களும் உண்டு. நான் 1.55 வோல்ட்டிலேயே முறையாக ஃபேசிங் செய்துவிடுவதை விரும்புகிறேன். அடுத்த செல்லை யார் மாற்றினாலும், எந்த ஊரில் மாற்றினாலும் அது ஓட வேண்டும்.

நேரம் திருத்துவது இதற்குப் பிறகு எளிது. கவையின் இரு நுனிகளிலும் திருப்பக்கூடிய சிறு ரெகுலேட்டர் இருக்கிறது. ஒரு பிரிவு நகர்த்தினால் நாளுக்கு 2 நொடி மாறும். கவை நிற்கும் நிலையும் கொஞ்சம் விளையாடும். கரங்கள் மேல்நோக்கி நின்றால் புவியீர்ப்பு அதை மெதுவாக்கும், கீழ்நோக்கித் தொங்கினால் வேகமாக்கும். அதனால் கட்டியிருப்பவர் இரவில் கழற்றி எப்படி வைக்கிறார் என்று கேட்டுத் திருத்துகிறேன். அதிர்வெண்ணைச் சரிபார்க்கக் கைப்பேசியின் மைக்கில் பிடித்து அலைவரிசை காட்டும் செயலியில் பார்த்தால் 360 என்ற இடத்தில் கூர்மையான ஒரு கோடு நிற்கும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: நாலு கட்டையின் மேல் ஷட்ஜத்துக்கும் நாலரைக் கட்டையின் மேல் ஷட்ஜத்துக்கும் நடுவே, எந்தக் கட்டையிலும் சேராத ஒரு சுருதி அது. பின்னாளில் வந்த ஒமேகா எஃப்300 நொடிக்கு 300 அதிர்வு; அது இரண்டு கட்டையைச் சற்றுத் தாண்டி நிற்கும். அதை வடிவமைத்ததும் புலோவாவை விட்டு வந்த ஹெட்செல்தான். ஒமேகாவின் மெகாசானிக் 720. அக்யூட்ரானுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. காதுக்குப் பழகிவிட்டால் மூடியிருக்கும் கடிகாரத்துக்குள் எந்த இயந்திரம் இருக்கிறது என்று ஒலியை வைத்தே சொல்லிவிடலாம்.

ஜப்பானில் சிட்டிசன் நிறுவனம் புலோவாவிடம் உரிமம் பெற்று 1971-ல் ஹைசானிக் என்ற பெயரில் இசைக்கவைக் கடிகாரம் செய்தது. 1961-ல் பெங்களூரில் எச்எம்டிக்குக் கடிகாரத் தொழிலைக் கற்றுக்கொடுத்ததும் அதே சிட்டிசன். ஆனால் நம் கைக்கு வந்தது நொடிக்கு ஐந்து முறை தட்டும் சாவிக் கடிகாரம். நம் தாத்தாக்களும் அப்பாக்களும் எச்எம்டியின் ஜனதா கட்டியே வாழ்ந்தார்கள். இசைக்கவை இங்கே தொழிலாக வளர்வதற்கு முன்பே அதன் காலம் முடிந்தது. 1969 டிசம்பர் 25 அன்று சீகோவின் ஆஸ்ட்ரான், குவார்ட்ஸ் படிகத்தோடு வெளிவந்தது. 1970-களின் பிற்பாதியில் புலோவா கவைக் கடிகாரத்தை நிறுத்திவிட்டது. தமிழ்நாடு டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-ல் டைட்டனைத் தொடங்கி ஓசூரில் ஆலை எழுப்பியபோது அது குவார்ட்ஸை நம்பியே எழுந்தது.

என்றாலும் கவை தோற்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் சின்ன உலோகக் குழலை அறுத்துப் பார்த்தால் உள்ளே படிகத்தில் வெட்டிய இரு கரக் கவை இருக்கும். நொடிக்கு 32,768 அதிர்வு. அதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் சரியாக ஒரு நொடி வரும். வகுக்கும் வேலையை 300 பல் சக்கரத்துக்குப் பதிலாகச் சில்லு செய்கிறது. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை செய்தனுப்பிய கோடிக்கணக்கான கைப்பேசிகளில் நேரம் காட்டியது இப்படிப்பட்ட படிகக் கவைதான். அங்கே லைனில் நின்று வேலை பார்த்த நம் ஊர்ப் பெண்களின் கை வழியாகப் போன இசைக்கவைகள், புலோவா தன் வாழ்நாளில் செய்ததைவிடப் பல மடங்கு. இந்த வட்டாரத்தில் நின்றுகொண்டு அக்யூட்ரானைப் பழைய கால அமெரிக்கப் பொருள் என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறுபாடு ஒன்றே ஒன்று. படிகக் கவையின் அதிர்வைக் காதால் கேட்க முடியாது, சில்லு வகுப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பழுதானால் பலகையையே மாற்றுகிறோம். நான் வேலை பார்க்கும் இடத்திலும் அதுதான் முறை. லைன் நிற்கக் கூடாது என்பதால் அது நியாயமான முறையும்கூட. ஆனால் மாற்றி மாற்றியே பழகிய கைக்கு, எதனால் பழுதானது என்ற கேள்வி மெல்ல மறந்துபோகிறது. இசைக்கவைக் கடிகாரம் அந்தக் கேள்வியை மறக்க விடுவதில்லை. மின்சாரம் காலமாக மாறும் வழியில் ஒவ்வொரு படியையும் கேட்கலாம், பார்க்கலாம், அளக்கலாம். ஒலியில் ஆரம்பித்து, மின்னோட்டத்துக்குப் போய், துகளைக் கண்டு, கல்லின் இடைவெளியில் முடியும் அந்தத் தேடலில் ஊகத்துக்கு இடமே கிடையாது. காரணத்தைக் கடைசிவரை பின்தொடர விடும் கடைசி மின்கடிகாரம் இது என்பது என் நம்பிக்கை. பகலில் ஃப்ளோமீட்டர் முன்னால் நிற்கும்போதும், பலகையை மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று ஏன் என்று யோசிக்க இதுவே என்னைப் பழக்கியது.

உங்கள் வீட்டுப் பீரோவில் இப்படி ஒரு கடிகாரம் இருந்தால் முதலில் செல்லை எடுத்துவிடுங்கள். பழைய செல் கசிந்தால் பாலங்களையும் காயிலையும் அரித்துவிடும். எடுத்த பாதரசச் செல்லைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். சாவிக் கடிகாரம் பார்ப்பவரிடம் கொடுப்பதானால், கவை வகை தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஓடவே ஓடாது என்று யாராவது சொல்லியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். புது உதிரிப்பாகம் செய்வார் இல்லை. ஓடாத ஒரு கடிகாரத்தின் நல்ல காயில்தான் ஓடக்கூடிய இன்னொன்றைக் காப்பாற்றும்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம்வரை ஐடிஐயும் டிப்ளமாவும் முடித்து, மீட்டர் பிடிக்கவும் மைக்ரோஸ்கோப்பில் ஈயம் வைக்கவும் தெரிந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த வேலைக்குத் தேவையான திறமையில் முக்கால் பங்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதிக் கால் பங்கு பொறுமையும் ஃபேசிங்கும். இரண்டையும் கற்றுக்கொடுக்க முடியும். கடிகாரக் கடைக்காரர்களும் காலாவதியான வேலை என்று நினைக்காமல் இதைக் கற்றுக்கொள்ள வரலாம். எனக்குத் தெரிந்ததை யாரிடமும் மறைத்துவைக்கும் எண்ணமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜையில் இடமிருக்கிறது. சோதனைப் பெட்டி செய்வதிலிருந்து ஆரம்பிக்கலாம்.